காய்ந்த பொருளுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர்!

வீட்டில் வெண்ணெய் உருக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? முதலில் சடசடவென்று ஒரே சத்தம். நுரை பொங்கும். கொஞ்ச நேரத்தில் சத்தம் மெல்ல அடங்கும். ஒரு கொத்து முருங்கைக்கீரையைக் கிள்ளிப் போடுவீர்கள். அது மொறுமொறுவென்று பொரிந்ததும், "பதம் வந்துடுச்சு, இறக்கிடு" என்று உங்கள் மாமியார் குரல் கொடுப்பார்.

பதம் வந்துவிட்டது என்றால் என்ன அர்த்தம்? தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம்! சடசட சத்தம் போட்டது நெய் அல்ல. வெண்ணெய்க்குள் இருந்த தண்ணீர். கடையில் விற்கும் வெண்ணெயில் 16 சதவிகிதம் வரை தண்ணீர் இருக்கலாம். அது போன பிறகு மிஞ்சுவதுதான் நெய். வெண்ணெயை வெளியே வைத்தால் இரண்டு நாளில் வாடை வந்துவிடுகிறது. நெய்யோ மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. கொழுப்பு அதே கொழுப்புதான். முக்கியமான வித்தியாசம் தண்ணீர்தான்.

ஒரு உணவோ மருந்தோ எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, அதற்குள் நம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் இந்தத் தண்ணீர்தான். அதை எப்படி அளக்கிறார்கள், மின்சாரத்தை வைத்துக்கொண்டு எப்படித் துல்லியமாகக் கணக்குப் போடுகிறார்கள், இதில் நம் வீட்டுக்கு என்ன பாடம்? பார்ப்போம்.

சித்தர்கள் போட்ட கணக்கு

சித்த மருத்துவத்தில் உள்மருந்துகள் 32 வகை. ஒவ்வொன்றுக்கும் 'ஆயுள்' சொல்லியிருக்கிறார்கள். சாறு, குடிநீர், கற்கம் ஆகியவற்றுக்கு ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணத்துக்கு 3 மாதம். நெய், மணப்பாகு, இளகம் ஆகியவற்றுக்கு 6 மாதம். எண்ணெய், மாத்திரைக்கு ஒரு வருடம்.

இந்த வரிசையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். குடிநீர் முழுக்கத் தண்ணீர். அது 3 மணி நேரம்தான். சூரணம் உலர்ந்த பொடி. ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதனால் 3 மாதம். இளகத்தில் தண்ணீர் இருந்தாலும் சர்க்கரையும் தேனும் அதைப் பிடித்து வைத்திருக்கும், 6 மாதம். பதம் தவறாமல் காய்ச்சிய எண்ணெயில் தண்ணீரே கிடையாது, ஒரு வருடம். மிஷின் இல்லாத காலத்திலேயே தண்ணீர்க் கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள்!

தைலம் காய்ச்சும் இடத்திலும் இதே கதைதான். அடியில் தங்கும் வண்டலை எடுத்து விரலால் உருட்டிப் பார்ப்போம். மெழுகுபோல் திரண்டால் மெழுகு பதம். மணல்போல் நறநறத்தால் மணல் பதம். அந்த வண்டலைத் திரிபோல் உருட்டி நெருப்பில் காட்டினால் சத்தமில்லாமல் எரிய வேண்டும். சடசடத்தால் தண்ணீர் இன்னும் பாக்கி இருக்கிறது. காதால் கேட்டுச் செய்யும் பரிசோதனை இது.

ஈரம் விஷமாகும்போது...

"கொஞ்சம் ஈரம் இருந்தால் என்ன ஐயா, மறுபடி வெயிலில் போட்டால் சரியாப் போச்சு" என்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு உண்மைச் சம்பவம்.

1974-ஆம் ஆண்டு. ராஜஸ்தான், குஜராத் எல்லையை ஒட்டிய பழங்குடி கிராமங்கள். அங்கே மக்காச்சோளம்தான் அன்றாட உணவு. அறுவடை நேரத்தில் காலம் தவறி மழை பெய்தது. நனைந்த கதிர்களைச் சரியாகக் காயவைக்க முடியாமல் அப்படியே சேமித்தார்கள். சோளத்தில் பூஞ்சை பிடித்தது. வேறு தானியம் வாங்க வசதியில்லாதவர்கள் அதையே வாரக்கணக்கில் சாப்பிட்டார்கள். மஞ்சள் காமாலை, வயிறு வீங்கி நீர் கோர்ப்பது என்று நோய் பரவியது. 200-க்கும் மேற்பட்ட கிராமங்கள். நோய் கண்டவர்கள் 397 பேர். இறந்தவர்கள் 106 பேர். அதே உணவைத் தின்ற வீட்டு நாய்களும் செத்தன.

காரணம், அஃப்லாடாக்ஸின் என்னும் நஞ்சு. ஈரமான தானியம், வேர்க்கடலை, மிளகாய் வற்றல் போன்றவற்றில் வளரும் ஒருவகைப் பூஞ்சை உண்டாக்குவது. கல்லீரலை நேராகத் தாக்கும். சிறிது சிறிதாக நெடுநாள் உடம்புக்குள் போனால் கல்லீரல் புற்றுநோய்க்கு வழி வகுக்கும். முக்கியமான விஷயம், நாம் வீட்டில் செய்யும் சமையல் சூட்டில் இது அழியாது. பூஞ்சையைத் துடைத்துவிட்டு வெயிலில் போட்டால் பூஞ்சை சாகலாம். நஞ்சு அங்கேயேதான் இருக்கும்.

மூலிகைக்கும் இது பொருந்தும். "மூலிகைதானே, பக்க விளைவே கிடையாது" என்று நம்பி, பூசணம் பூத்த சூரணத்தைச் சாப்பிடாதீர்கள். பூஞ்சைக்குச் சோளம் என்றும் தெரியாது. சுக்கு என்றும் தெரியாது. அதற்கு வேண்டியது ஈரம்.

எடை குறைந்தால் தண்ணீர் போயிற்றா?

சரி, ஒரு பொருளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சுலபமான வழி ஒன்று உண்டு. பொருளை எடை போடுங்கள். சுமார் 105 டிகிரி செல்சியஸ் சூட்டில் உலர்த்துங்கள். மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடைதான் தண்ணீர். ஆய்வகங்களில் இன்றும் இந்த முறை இருக்கிறது. அரிசி, கோதுமைக்கு நன்றாகவே ஒத்து வரும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். திரிகடுகு சூரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுக்கு, மிளகு, திப்பிலி. மூன்றிலும் வாசனை எண்ணெய் இருக்கிறது. சூடேற்றினால் தண்ணீரோடு சேர்ந்து வாசனையும் பறந்துபோகும். தராசுக்கு இது தெரியுமா? இரண்டையும் சேர்த்துத் 'தண்ணீர்' என்று கணக்கெழுதிவிடும். கிராம்பு, ஏலக்காய் என்று வாசனை கூடக் கூடத் தவறும் கூடும். தேன், வெல்லம் போன்றவற்றை அதிகம் சூடாக்கினால் சர்க்கரையே சிதைந்து புதிதாகத் தண்ணீர் உண்டாகும். இல்லாத தண்ணீரை நாமே உண்டாக்கி அளந்த கதையாகிவிடும்.

ஆக, எடையில் குறைவதெல்லாம் தண்ணீர் அல்ல. தண்ணீரை மட்டும் தேடிப் பிடிக்கும் ஒரு முறை வேண்டும். அதைத் தந்தவர் கார்ல் ஃபிஷர் என்ற ஜெர்மானியர். பெட்ரோலியத் துறையில் வேலை பார்த்த வேதியியலாளர். 1935-ல் அவர் வெளியிட்ட முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

பந்தியும் வாழை இலையும்

காயத்துக்குப் போடும் டிங்சர் அயோடின் தெரியுமல்லவா? அந்த அயோடின்தான் இங்கே கதாநாயகன். அயோடினும் கந்தக டை ஆக்ஸைடும் ஒரு ஆல்கஹால் கரைசலில் சேர்ந்திருக்கின்றன. சும்மா இருந்தால் ஒன்றும் நடக்காது. அங்கே தண்ணீர் வந்தால்தான் இரண்டும் வினைபுரியும். ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்தால் ஒரு அயோடின் மூலக்கூறு செலவாகும். சரிக்குச் சரி.

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துப் பாருங்கள். ஆளுக்கு ஒரு இலை. சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்று யாரும் தலையை எண்ணுவதில்லை. செலவான இலையை எண்ணினால் போதும், சமையல்காரர் கணக்குச் சொல்லிவிடுவார். இங்கே தண்ணீர்தான் விருந்தாளி. அயோடின்தான் இலை. செலவான அயோடின் எவ்வளவு என்று தெரிந்தால் தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஃபிஷர் காலத்தில் அயோடின் கரைசலை அளவுக் குழாயிலிருந்து சிறிது சிறிதாக ஊற்றி அளந்தார்கள். தண்ணீர் சற்று அதிகமுள்ள பொருள்களுக்கு இன்றும் இப்படித்தான். ஆனால் தண்ணீர் மிக மிகக் குறைவாக இருந்தால் ஊற்றி அளப்பது சிரமம். இங்கேதான் மின்சாரம் வந்து கை கொடுக்கிறது. 1959-ல் வந்த முறை இது.

அயோடினை வெளியிலிருந்து ஊற்றுவதில்லை. கண்ணாடி ஜாடியில் உள்ள கரைசலில் அயோடைடு உப்பு இருக்கும். மின்சாரம் பாய்ச்சினால் மின்முனையில் அயோடின் உண்டாகும். உண்டானவுடன் தண்ணீரைத் தேடிப் பிடித்துச் செலவாகிவிடும். பந்தி நடக்கும்போதே கொல்லையில் வாழை இலை நறுக்கிக் கொடுப்பதுபோல!

தண்ணீர் முழுவதும் தீர்ந்ததும் என்ன ஆகும்? அடுத்து உண்டாகும் அயோடினுக்கு வேலை இல்லை. ஆளில்லாத இலைபோல் சும்மா நிற்கும். ஜாடிக்குள் இரண்டு மெல்லிய பிளாட்டினக் கம்பிகள் காவலுக்கு நிற்கின்றன. சும்மா நிற்கும் அயோடின் கொஞ்சம் சேர்ந்தாலும் கம்பிகளுக்கு இடையே மின்னோட்டம் மாறிவிடும். "பந்தி முடிந்தது" என்று மிஷின் தானே நிறுத்திக்கொள்ளும்.

பிறகு கணக்கு சுலபம். 1 மில்லிகிராம் தண்ணீருக்கு வேண்டிய மின்னேற்றம் சுமார் 10.7 கூலோம். புரியும்படி சொன்னால், 1 ஆம்பியர் மின்சாரம் ஏறக்குறைய 11 விநாடி பாய்ந்தால் 1 மில்லிகிராம் தண்ணீர் தீர்ந்திருக்கிறது. இது இயற்கையின் மாறாத விதி. ஓடிய மின்சாரத்தைக் கூட்டினால் தண்ணீரின் எடை கையில். ஒரு சொட்டுத் தண்ணீர் சுமார் 50 மில்லிகிராம். அந்தச் சொட்டை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு துணுக்கைக்கூட இந்த மிஷின் கண்டுகொள்ளும்!

இதனால் யாருக்கு லாபம்?

நமக்குத்தான்! மருந்துக் கம்பெனியில் மாத்திரைக்கான மூலப்பொருளிலும், அதைக் கரைக்கும் திரவங்களிலும் தண்ணீர் எவ்வளவு என்று இந்த முறையில் பார்க்கிறார்கள். ஆல்கஹாலை எத்தனை முறை சாதாரணமாகக் காய்ச்சி வடித்தாலும் 4 சதவிகிதத்துக்கு மேல் தண்ணீர் தங்கிவிடும். பார்த்தால் பளிங்குபோல் இருக்கும். கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. மின்சார டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் எண்ணெயில் பத்து லட்சத்தில் சில பத்து பங்கு தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே முறையில்தான்.

பழைய ஆஸ்பிரின் புட்டியைத் திறந்தால் சில சமயம் வினிகர் வாடை அடிக்கும். காற்றின் ஈரம் பட்டு மருந்து உடைந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். மாத்திரை பார்க்க வெள்ளையாக, முழுசாகவே இருக்கும். வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள்.

எல்லாத் தண்ணீரும் எதிரி அல்ல. அமாக்ஸிசிலின் என்ற மருந்துப் பொடி பார்க்கச் சுத்தமாக உலர்ந்திருக்கும். ஆனால் அதன் ஒவ்வொரு மூலக்கூறோடும் மூன்று தண்ணீர் மூலக்கூறுகள் கட்டுண்டு கிடக்கின்றன. எடையில் 11.5 முதல் 14.5 சதவிகிதம் தண்ணீர் இருக்க வேண்டும் என்பது மருந்து நூல்களின் விதி. குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு.

மிஷினையும் ஏமாற்றும் நெல்லிக்காய்

இந்த முறைக்கும் கண்ணில் மண் தூவும் ஆசாமிகள் உண்டு. நெல்லிக்காயில் உள்ள வைட்டமின் சி, அயோடினைத் தானும் செலவழிக்கும். அழைப்பில்லாமல் பந்தியில் உட்கார்ந்துவிட்டவர் மாதிரி! மிஷின் அதையும் தண்ணீராக எண்ணிவிடும். லவங்கப்பட்டைக்கு வாசனை தருவது ஒரு ஆல்டிஹைடு. அது கரைசலில் உள்ள மெத்தனாலோடு சேர்ந்து புதிதாகத் தண்ணீரை உண்டாக்கும். இதற்கெல்லாம் மாற்று வழி உண்டு. ஆல்டிஹைடுள்ள பொருளுக்கு மெத்தனால் இல்லாத தனிக் கரைசல். வேறு சில பொருள்களைத் தனி அடுப்பில் சூடாக்கி, வெளிவரும் நீராவியை மட்டும் உலர்ந்த நைட்ரஜன் வாயுவில் ஏற்றி ஜாடிக்கு அனுப்புகிறார்கள். எந்தப் பொருளுக்கு எந்த முறை என்று தெரிந்து அளந்தால்தான் கணக்கு சரியாக வரும். நாடி பார்ப்பதற்கும் இது பொருந்தும்தானே!

மின்சாரத்தால் ஈரம் பார்க்கும் இன்னொரு கருவியை நம் டெல்டா மாவட்டத்து விவசாயிகள் நன்றாக அறிவார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் வைத்திருக்கும் ஈரப்பத மீட்டர். இது அயோடின் முறை அல்ல. காய்ந்த தானியத்தைவிடத் தண்ணீர் பல மடங்கு மின்புலத்துக்கு இசைந்து கொடுக்கும். அந்த வேறுபாட்டை வைத்து இத்தகைய மீட்டர்கள் சில விநாடியில் சதவிகிதம் சொல்லும். வழக்கமான வரம்பு 17 சதவிகிதம். மழை கொட்டும் ஆண்டுகளில் அதை 22 வரை தளர்த்தச் சொல்லி விவசாயிகள் கேட்பதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். தானியத்தின் சூடு, ரகம் மாறினால் இந்த மீட்டர் காட்டும் எண்ணும் மாறும். அதனால் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். அந்த ஒரு எண்ணில் ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு இருக்கிறதே!

தேன் ஏன் கெடுவதில்லை?

இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். "தேனில் தண்ணீர் இருக்கிறதே, அது ஏன் கெடுவதில்லை?" நல்ல கேள்வி.

தேனில் 20 சதவிகிதம் வரை தண்ணீர் இருக்கலாம் என்பது சட்டம். நெல்லில் 17 இருந்தாலே மூட்டை சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். காரணம், தேனில் உள்ள தண்ணீரைச் சர்க்கரை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. கிருமிக்குக் கொடுக்காது. ஊறுகாயில் உப்பு அதே வேலையைச் செய்கிறது. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கணக்கு. அதில் கிருமிக்குக் கிடைப்பது எவ்வளவு என்பது இன்னொரு கணக்கு. அதனால்தான் ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே என்று பாட்டி திட்டுவார். வெளியிலிருந்து போகும் அந்தச் சிறு ஈரம் மேல்பரப்பில் உப்பை நீர்த்துப்போகச் செய்யும். பூசணத்துக்கு அந்த இடம் போதும்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியவை

மிஷின் வீட்டுக்கு வராது. ஆனால் வழிகள் உண்டு.

1. தானியம் நன்றாகக் காய்ந்ததா என்று பார்க்க உப்புச் சோதனை செய்யுங்கள். தூள் உப்பை வாணலியில் வறுத்து, ஈரம் படாமல் ஆறவிடுங்கள். உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் ஒரு பங்கு தானியமும் கொஞ்சம் உப்பும் போட்டு மூடி, நன்றாகக் குலுக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் சுமார் 15 சதவிகிதத்துக்கு மேல். இன்னும் ஒரு வெயில் தேவை. ஒட்டாமல் கீழே விழுந்தால் சேமிக்கலாம்.

2. வற்றல், பருப்பு, மிளகாயை வெயிலில் இருந்து எடுத்த சூட்டோடு டப்பாவில் அடைக்காதீர்கள். உள்ளே வியர்த்து மூடியில் நீர் கோர்க்கும். நிழலில் ஆறவிட்டு அடையுங்கள்.

3. பூசணம் பிடித்த, கறுத்த, சுருங்கிய, கசக்கும் வேர்க்கடலையை அப்படியே எறியுங்கள். "மிச்சத்தை வறுத்துக்கலாம்" என்று ஆசைப்படாதீர்கள். கோழிக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள். மாடு தின்றால் பாலிலும் நஞ்சு வரும்.

4. சூரணத்தைச் சிறு புட்டிகளில் பிரித்து வையுங்கள். ஒன்றைத் தீர்த்துவிட்டு அடுத்ததைத் திறங்கள். உலர்ந்த ஸ்பூன் மட்டும் போடுங்கள். கட்டி தட்டினாலோ, வாடை மாறினாலோ வேண்டாம். வாங்கிய மருந்தென்றால் லேபிளில் அச்சிட்ட காலாவதித் தேதியை மீறாதீர்கள்.

5. நிலவேம்புக் குடிநீர் போன்றவற்றைக் காலையில் காய்ச்சி இரவு வரை வைத்துக் குடிக்காதீர்கள். ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் காய்ச்சுங்கள். 3 மணி நேரக் கணக்கை மறக்க வேண்டாம்.

6. மாத்திரைகளைக் குளியலறையிலும் சமையலறை அடுப்புப் பக்கத்திலும் வைக்காதீர்கள். புட்டிக்குள் இருக்கும் சிறு உறை ஈரத்தை உறிஞ்சுவதற்காக வைத்தது. மருந்து தீரும் வரை அது உள்ளேயே இருக்கட்டும். குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மிளகாய்த்தூள், மல்லித்தூளை மொத்தமாக அரைத்து வைக்காதீர்கள். பதினைந்து நாளுக்கு வேண்டியது போதும்.

"நல்லா காய்ஞ்சிருக்கு" என்று கண் சொல்லும். கை சொல்லும். ஆனால் இந்த விஷயத்தில் கண்ணையும் கையையும் மட்டும் நம்பக் கூடாது. பதம் பார்க்கக் காதைத் தீட்டினார்கள் நம் முன்னோர். அயோடினையும் மின்சாரத்தையும் கொண்டு எண்ணுகிறார்கள் இன்றைய விஞ்ஞானிகள். இருவரும் தேடியது ஒன்றைத்தான். அடுத்த முறை கடலை டப்பாவைத் திறக்கும்போது, முதலில் மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். அங்கே ஒரு துளி ஈரம் தெரிந்தால், உள்ளே இருப்பதைக் குழந்தை கையில் கொடுக்கும் முன் ஒருமுறை நன்றாகச் சோதித்துவிடுங்கள்!